பச்சை உடம்பின் கணக்கு

பிள்ளை பெற்றவளைப் ‘பச்சை உடம்புக்காரி’ என்கிறோம். இன்னும் ஆறாத உடம்பு, எதையும் எளிதில் உள்ளே விட்டுவிடும் உடம்பு என்ற எச்சரிக்கை அந்தச் சொல்லில் இருக்கிறது. சீன மரபிலும் இதே எண்ணம் உண்டு. பிரசவத்துக்குப் பிந்தைய மாதத்தை அவர்கள் ‘மாதம் உட்காருதல்’ என்பார்கள். குளிர்ந்தது ஆகாது, காற்று படக் கூடாது. தாய்வானில் இன்றும் பரவலாகக் கொடுக்கப்படும் பேறுகாலக் கஷாயம் ‘ஷெங் ஹுவா தாங்’. 17ஆம் நூற்றாண்டு மருத்துவர் ஃபூ சிங்ஜூவின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் இதில் தாங்குவேய் வேர், பீச் பழக்கொட்டையின் பருப்பு, கருக வறுத்த இஞ்சி, அதிமதுரம் முதலியவை சேரும். தேங்கிய ரத்தத்தை நீக்கிப் புது ரத்தம் ஊறவைக்கும் என்பது நம்பிக்கை.

ஒரு காலத்தில் இதை வீட்டில் மண்சட்டியில் வைத்துக் காய்ச்சினார்கள். இப்போது மருந்துக்கடையே இயந்திரத்தில் காய்ச்சி, ஒரு வேளைக்கு ஒரு பிளாஸ்டிக் பையாக அடைத்துக் கொடுத்துவிடுகிறது. அங்கேதான் இன்னொரு பொருள் கதைக்குள் வருகிறது. பி.வி.சி. பிளாஸ்டிக்கை வளையச் செய்வதற்காகத் தாலேட் என்னும் நெகிழியாக்கிகளைச் சேர்க்கிறார்கள். அவை பிளாஸ்டிக்கோடு வேதியியல் முறையில் பிணைவதில்லை. அதனால் சூட்டிலும் கொழுப்பிலும் கசிந்து வெளியேறும். இவற்றுள் டி.இ.எச்.பி. என்பதை இனப்பெருக்கத்துக்குத் தீங்கு செய்யும் பொருளாக ஐரோப்பிய ஒன்றியம் வகைப்படுத்தியிருக்கிறது.

ஒருத்தியின் உடம்புக்குள் இது எவ்வளவு போயிற்று என்று அறிய அவளுடைய சிறுநீரைச் சோதிக்கிறார்கள். தாலேட் உடலில் சிதைந்து, பெரும்பகுதி ஓரிரு நாளில் வெளியேறிவிடும். ஆகவே ஒரு குப்பி சிறுநீர் நேற்றையும் இன்றையும் பற்றித்தான் பேசும். கஷாயம் குடித்தவளின் எண் கூடுதலாக இருந்தால் காரணம் என்ன? மூலிகையா, பையா, காய்ச்சிய இயந்திரத்தின் குழாயா? பேறுகாலத்தில் தாய்வான் பெண்கள் உண்ணும் எள்ளெண்ணெய்க் கோழி வந்த டப்பாவா? மருத்துவமனையில் நரம்பில் ஏற்றிய மருந்தின் குழாயா? மருத்துவக் குழாய்களையும் பைகளையும் நெகிழச் செய்யப் பல காலமாகப் பயன்பட்டு வந்ததும் இதே டி.இ.எச்.பி.தான். ஒற்றை எண்ணுக்கு இதையெல்லாம் பிரித்துச் சொல்லத் தெரியாது. ‘பாட்டி வைத்தியத்தால் வந்தது’ என்று நவீனம் தப்பித்துக்கொள்ளவும் முடியாது, ‘இயற்கையில் கேடில்லை’ என்று மரபு தப்பித்துக்கொள்ளவும் முடியாது.

என்னை உறுத்தும் கேள்வி வேறு. அளந்து முடித்த அந்த எண் யாருடைய பெயருக்குப் போய்ச் சேர்கிறது?

2011 மே மாதம் தாய்வானில் வெடித்த உணவுக் கலப்பட விவகாரத்தை இங்கே நினைத்துக்கொள்கிறேன். அரசு ஆய்வுக்கூடத்தில் ஒரு பெண் ஆய்வாளர் செரிமானத்துக்கான ஒரு தூளைச் சோதித்துக்கொண்டிருந்தார். அவரிடம் கேட்கப்பட்டது வேறு கலப்படங்களைப் பற்றி. வரைபடத்தில் தேடாத இடத்தில் ஒரு முகடு தெரிந்தது. ‘கேட்டது இதுவல்ல’ என்று அவர் அதை விட்டுவிடவில்லை. அது டி.இ.எச்.பி. பானங்களுக்குக் கலங்கிய தோற்றம் தரும் சேர்மானத்தில், பாமாயிலுக்குப் பதிலாக விலை மலிவான இந்த நெகிழியாக்கியைக் கலந்திருந்தார்கள். பானங்கள், ஜாம், ஊட்டச்சத்துத் தூள்கள் என ஏராளமான பொருள்கள் கடைகளிலிருந்து இறக்கப்பட்டன. தயாரிப்பாளர்கள் சிறைத் தண்டனை பெற்றார்கள்.

அந்த ஆய்வாளர் அளந்தது பண்டத்தை. அதனால் கேள்வி தொழிற்சாலைக்குப் போனது. உடம்பை அளக்கும்போது கேள்வி உடம்புக்காரியிடமே திரும்புகிறது: என்ன குடித்தாய், ஏன் குடித்தாய், குழந்தையை நினைத்தாயா? பத்தியத்தைப் போலவே இதுவும் ஒரு விசாரணையாகிவிடுகிறது. முன்பு மாமியார் கேட்டதை இப்போது ஆய்வறிக்கை கேட்கிறது.

அடுத்து அறிவுரை வருகிறது. பையில் வாங்காதே, மண்ணிலோ கண்ணாடியிலோ காய்ச்சு. சரி, காய்ச்சப்போவது யார்? கஷாயப் பை வந்தபோது மிச்சமானது ஒரு பெண்ணின் நேரம். அவள் தாயோ, மாமியாரோ, கூலிக்கு வந்தவளோ, அடுப்பருகே நின்றவள் ஒரு பெண்தான். பையை ஒதுக்கச் சொல்லும்போது அந்த மணிக்கணக்கை மறுபடியும் அவள் தலையில் ஏற்றுகிறோம். தொழிற்சாலை மிச்சம் பிடித்த காசுக்கு ஈடாக அடுக்களையில் ஒருத்தி உழைக்கிறாள்.

அப்படியானால் அவளிடம் எண்ணைச் சொல்லாமலிருந்தால் என்ன? மாற்ற வழியில்லாத ஒன்றைப் பிரசவித்த பத்தாம் நாளில் சொல்லிக் குற்றவுணர்வை ஊட்டுவானேன் என்று கேட்கலாம். இரக்கமாகத் தோன்றும் இந்த வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. ‘அவள் தாங்க மாட்டாள்’ என்பது பெண்களிடம் எத்தனையோ காலமாகப் பலவற்றை மறைக்கப் பயன்பட்ட வாக்கியம். அவள் உடம்பிலிருந்து எடுத்தது அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். எண்ணின் பொருளோடு அதன் எல்லையையும் அவளுக்குச் சொல்ல வேண்டும்: ஒரு நாளின் அளவு தீர்ப்பாகாது, தாய்ப்பாலை நிறுத்த அது காரணமும் ஆகாது.

ஆனால் அறியும் உரிமை தவிர்க்கும் கடமையாக உருமாறும் இடத்தில் நாம் நின்று எதிர்க்க வேண்டும். அவளிடம் ஓர் எண்ணைச் சொல்கிறவர்கள், கஷாயப் பையின் எண்ணையும் குழாயின் எண்ணையும் சேர்த்தே அளந்து, அவற்றைச் செய்தவர்களிடமும் அனுமதித்தவர்களிடமும் கொண்டுபோக வேண்டும். அவள் குப்பியில் சிறுநீர் தந்திருக்கிறாள். ஆய்வுக்கு அவள் தர வேண்டியது அவ்வளவுதான். மிச்சக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் வேறு ஆட்கள்.