பாறையின் தோல்

மேற்கே மலை அடைத்து நிற்பதால் கடையநல்லூரில் சூரியன் சீக்கிரம் மறைந்துவிடும். காலை அப்படியில்லை. கிழக்கு முழுக்கத் திறந்த வெளி. எழுந்த வெயில் தடையில்லாமல் வந்து அடிவாரப் பாறைகளின் முகத்தில் சாய்வாக விழும். பாறையில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க அந்த வெளிச்சம் தோதானது. எழுதியதை எடுக்கவும் அந்த நேரம்தான் தோது. கல் சூடேறிவிட்டால், தடவுகிற மருந்து வேலை செய்யும் முன்பே காய்ந்துபோகும்.

*

எல்லா எழுத்தும் ஒன்றுபோல் நிற்பதில்லை. அடுப்புக்கரியால் எழுதியது ஐப்பசி மழையைத் தாங்காது. செங்கல் துண்டும் சாக்பீஸும் அதே கதிதான். சுண்ணாம்பு சில மழைக்காலம் நின்று, பிறகு பொருக்குவிட்டு உதிரும். எனாமல் பெயிண்ட் மட்டும் வருடக்கணக்கில் அசையாது. ஆணியாலோ உளியாலோ கீறியது போகவே போகாது. அதைப் போக்க வேண்டுமானால் சுற்றிலும் உள்ள கல்லையும் அதே ஆழத்துக்குத் தேய்த்தாக வேண்டும். கீறலை அப்படியே விட்டுவிட வேண்டும் என்பதே என் கட்சி.

எழுதியிருப்பது என்ன? ஜோடிப் பெயர்கள், நடுவில் அம்பு துளைத்த இதயம். நடிகர் பெயர், கட்சிக் கொடி, பள்ளி முடித்த வருடம். உள்ளூர்க்காரன் ஊர்ப்பெயர் எழுதுவதில்லை. வெளியூரிலிருந்து வந்தவன்தான் ஊர்ப்பெயரோடு எழுதுகிறான். தான் இங்கே வந்தது யாருக்கோ தெரிய வேண்டும் என்கிற தவிப்பு அது. குற்றாலச் சாரலுக்கு வருகிறவர்கள் வழியில் காணும் பாறைகளையெல்லாம் வருகைப் பதிவேடாக்கி வைத்திருக்கிறார்கள்.

*

ஹம்பிக்கும் பாதாமிக்கும் போய்ப் பாறையேறப் பழகிவந்த கல்லூரிப் பையன்கள் சிலர், இந்தப் பக்கத்துக் குண்டுப் பாறைகளில் விடிகாலையில் ஏறிப் பார்க்கிறார்கள். கயிறு கிடையாது. ஆளுயரத்துக்குச் சற்று மேல்தான் ஏற்றம். விழுந்தால் தாங்கக் கீழே ஒரு மெத்தை. பெயிண்ட் மேல் அவர்களுக்கு இருக்கிற கோபம் அழகு சம்பந்தப்பட்டதல்ல. கருங்கல்லின் சொரசொரப்பில்தான் அவர்களுடைய ரப்பர்க் காலணி பிடிக்கும். எனாமல் அந்தச் சொரசொரப்பை நிரவி மழுங்கடித்துவிடுகிறது.

“அந்த ‘ரா’ மேல கால் வச்சா வழுக்கிரும் அண்ணாச்சி. ‘ஜா’ பரவாயில்ல, அது பாதி உரிஞ்சு போச்சு” என்றான் ஒருவன்.

விரல் வியர்க்காமல் இருக்க அவர்கள் பூசிக்கொள்வது மக்னீசியம் கார்பனேட் பொடி. பிடித்த இடமெல்லாம் வெள்ளைத் திட்டு விழும். இறங்கியதும் மென்மையான பிரஷால் துடைத்துவிட்டுப் போகிறவன் உண்டு. அப்படியே விட்டுப் போகிறவனும் உண்டு. இரண்டாவது ஆள் விட்டுப்போவதையும் எழுத்துக் கணக்கில்தான் சேர்க்கிறேன்.

*

நீல எனாமலில் ஒரு ‘ம’. ஒரு சாண் அகலம் இருக்கும். தூரத்தில் ஒரே நீலம். முகத்தைக் கிட்டே கொண்டுபோனால் அதற்குள் மூன்று விதம் தெரிகிறது. வெள்ளைப் பரல்கள் மேல் பெயிண்ட் ஒட்டாமல் தானே உரிந்து நிற்கிறது. மங்கலான மணிகளின் இடுக்குகளில் ஆழமாக இறங்கி உட்கார்ந்திருக்கிறது. காக்காப்பொன் செதில்கள் மேல் இருக்கும் பெயிண்டை நகத்தால் தொட்டால் செதிலோடு சேர்ந்தே வந்துவிடுகிறது. ஒரே எழுத்துக்கு மூன்று வைத்தியம்.

முதலில் பாறையை நன்றாக நனைக்க வேண்டும். கல்லின் நுண்துளைகளில் தண்ணீர் நிறைந்திருந்தால், கரைந்த நிறம் உள்ளே இறங்குவது குறையும். பிறகு களிம்பு போன்ற பெயிண்ட் ரிமூவரை எழுத்தின் மேல் மட்டும் தடவிக் காத்திருக்க வேண்டும். மற்றதெல்லாம் சுலபம், இந்தக் காத்திருப்பு கஷ்டம். கை துறுதுறுக்கும். பெயிண்ட் சுருக்கம் விழுந்து எழும்பும் வரை தேய்க்கக்கூடாது. எழும்பியதும் மூங்கில் சிம்பால் வழித்தெடுத்து, நைலான் பிரஷால் லேசாக ஒற்றி, பழந்துணியில் துடைக்க வேண்டும். ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் துடைப்பதுதான் முறை. வெளிப்பக்கமாக இழுத்தால் ஒரு சாண் ‘ம’ இரண்டு சாண் நீலக் கறையாகிவிடும்.

அப்படியும் இடுக்கில் நிறம் மிஞ்சும். அதற்குப் பற்றுப் போட வேண்டும். வீக்கத்துக்கு வீட்டில் அரைத்துப் போடுகிற அதே பற்றுதான். இங்கே வெள்ளைக் களிமண்ணில் மருந்தைக் குழைத்து அப்பி, மேலே பாலிதீன் ஒட்டி மறுநாள் வரை விடுவது. பாலிதீனை எடுத்ததும் மண் காயத் தொடங்கும். காயும்போது கரைந்த நிறத்தை உள்ளேயிருந்து இழுத்துக்கொண்டு வரும். உதிர்த்துப் பார்த்தால் களிமண் இளநீலமாக இருக்கும்.

பாறைக்கடியில் பழைய சாக்கும் துணியும் விரித்து வைத்துக் கழுவ வேண்டும். இங்கே சரிவெல்லாம் ஓடைக்கும் ஓடையெல்லாம் குளத்துக்கும் போகிறது. கல்லைச் சுத்தம் செய்து தண்ணீரைக் கெடுப்பதற்கு அந்த ‘ம’ அங்கேயே இருந்துவிட்டுப் போகலாம்.

*

பஜாரில் போர்டு எழுதிக்கொண்டிருந்த பெயிண்டர் ஒருவர் இருக்கிறார். பிளக்ஸ் வந்து அவர் தொழிலைத் தின்றுவிட்டது. ஒரு காலத்தில் ரோட்டோரப் பாறைகளில் ஜவுளிக்கடைக்கும் பல்பொடிக்கும் விளம்பரம் எழுதியவர். தின்னர் ஊற்றித் துடைத்தால் என்ன என்று அவரிடம் கேட்டேன்.

“தின்னர் ஊத்தினா பெயிண்ட் போகாது தம்பி, எளகி உள்ள போயிரும். செவருன்னா பட்டி பாத்து மறைக்கலாம். கல்லுக்கு என்ன செய்வீரு?”

கம்பி பிரஷும் கூடாது என்றார். காரணம் அவர் சொல்லவில்லை. அடுத்த மழையில் நானே பார்த்தேன். கம்பியின் இரும்புத் துகள் கல்லில் தங்கித் துருவேறி, எழுத்து இருந்த இடத்தில் எழுத்தின் வடிவிலேயே செம்மஞ்சள் கறை. கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டும் அப்படித்தான்: கல்லுக்குள் இருக்கும் இரும்பையே கிளறி மஞ்சளாக்கிவிடும். சருகைக் குவித்துக் கொளுத்திப் பெயிண்டைப் பொசுக்கலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. கல் குவாரிகளில் தீ மூட்டித்தான் ஒரு காலத்தில் பாறையைப் பலகை பலகையாகப் பெயர்த்தார்கள். சூட்டில் கருங்கல்லின் மேல்தோல் பொரிந்து கழன்றுவிடும்.

நம் ஊரில் அழிப்பது என்றால் பெரும்பாலும் மேலே வெள்ளையடிப்பது என்றே பொருள். தேர்தல் அறிவிப்பு வந்ததும் சுவர் விளம்பரங்கள் மீது சுண்ணாம்பு பூசுகிறார்களே, அந்தப் பழக்கம் பாறை வரைக்கும் வந்துவிட்டது. வெள்ளையடித்த பாறை, அடுத்தவன் எழுத ரிசர்வ் செய்து வைத்த சுவராகிவிடுகிறது. பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1959ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. சட்டத்தின் வயது பெயிண்டரின் வயதை ஒட்டி வரும்.

*

பெயிண்டைச் சுற்றிச் சாம்பல் பச்சையாகப் படர்ந்திருப்பதைப் பாசி, அழுக்கு என்று சேர்த்துத் தேய்த்துவிடுகிறார்கள். அது பூஞ்சையும் பாசியும் கூடி வாழ்கிற உயிர். பிரியாணி மசாலாவில் போடுகிற கல்பாசியின் உறவு. பாறையோடு ஒட்டிப் படரும் வகைகளில் பல, ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் வளர்வதே அபூர்வம். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திட்டு இருக்கிறதென்றால், அதன் மேல் தன் பெயரை எழுதியவனைவிட அது மூத்ததாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. பெயிண்டை எடுக்கப் போய் அதையும் சுரண்டி எடுத்துவிட்டால், எழுத்து போன இடம் வெளுத்துத் தெரியும். தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கு அதே பெயர் இப்போது வெள்ளையில் எழுதியிருப்பதாகத் தோன்றும்.

ஆகவே எழுத்தின் கோட்டை விட்டு பிரஷ் வெளியே போகக்கூடாது. பள்ளிக்கூடத்தில் ‘ம’ எழுதிப் பழகியபோதுகூட இவ்வளவு கவனமாகக் கோட்டைப் பின்தொடர்ந்ததில்லை. எழுதியவன் அரை நிமிடத்தில் போட்ட வளைவை ஒரு காலை முழுதும் திரும்ப எழுதிப் பார்க்கிறேன். அவன் கை எங்கே தயங்கியது, எங்கே பிரஷில் பெயிண்ட் தீர்ந்து மறுபடி தொட்டது எல்லாம் தெரிந்துவிடுகிறது. கோபமாக இருப்பது கடினமாகிவிடுகிறது.

*

தென் தமிழகத்துக் கருங்கல்லில் ஒரு வகைக்குப் புவியியலாளர்கள் சார்னோக்கைட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கல்கத்தாவோடு சேர்த்துச் சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து 1893இல் சூட்டிய பெயர். சென்னைப் பக்கத்திலிருந்து போன கல் அது. கல்லில் பெயர் எழுதியவர் கோடிப்பேர். கல்லுக்கே பெயராகிப் போனவர் இவர், அதுவும் செத்த பிறகு.

*

சங்கரன்கோவிலைத் தாண்டிப் போனால் கழுகுமலை. பாறை முகத்தில் வரிசை வரிசையாகச் சமணச் சிற்பங்கள். அவற்றின் கீழே நூற்றுக்குக் குறையாத வட்டெழுத்துப் பொறிப்புகள். எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. இன்ன ஊர், இன்னார், ‘செய்வித்த திருமேனி’ என்று முடியும். தச்சர் உண்டு, குயவர் உண்டு, குரத்தியர் எனப்பட்ட பெண் ஆசிரியர்கள் உண்டு. ஊர்ப்பெயரோடுதான் எழுதியிருக்கிறார்கள். அப்படியானால் இந்த ‘ம’வும் ஆயிரம் வருடம் கழித்துக் கல்வெட்டாகிவிடாதா என்று பையன்களில் ஒருவன் கேட்டான். கேட்க வேண்டிய கேள்விதான். கழுகுமலைக்காரர் பாறைக்கு ஒரு திருமேனியைக் கொடுத்துவிட்டு, அதன் காலடியில் சின்னதாகப் பெயர் போட்டுக்கொண்டார். ‘ம’ எழுதியவன் எதுவும் கொடுக்கவில்லை. எனக்குக் கிடைத்த பதில் இவ்வளவுதான். கேட்ட பையனுக்கு அது போதவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

வண்ணம் பூசுவதே பிழை என்றும் நான் சொல்ல மாட்டேன். குற்றாலத்துச் சித்திர சபையில் சுவரெல்லாம் ஓவியம். ஆடவல்லானே அங்கே சித்திரமாகத்தான் இருக்கிறான்.

கடையநல்லூருக்குக் கிழக்கே, சேர்ந்தமரம் பக்கம் திருமலாபுரம். முற்காலப் பாண்டியர் குடைந்த குடைவரை. உள்ளே கூரையிலும் தூண்களிலும் ஓவியத்தின் மிச்சங்கள்: தாமரை, அன்னம், ஆடும் கணங்கள். புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சு ஆய்வாளர் ழூவோ துப்ராய் அடையாளம் கண்டு சொன்ன பிறகுதான் கலை வரலாற்றில் அதற்கு இடம் கிடைத்தது. இன்று அங்கே போனால் கண் பழகும் வரை ஒன்றும் தெரியாது. கருமையும் பொரிந்த சுதையும்தான். கொஞ்ச நேரம் நின்றால் ஒரு இதழ், ஒரு வளைவு மெல்ல எழுந்து வரும். இந்த மாதிரி இடத்தில் ஒரு கரிக்கோடு விழுந்தாலும் போயிற்று. காக்கப்பட்ட நினைவுச்சின்னங்களைச் சிதைத்தால் இரண்டாண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று 1958ஆம் ஆண்டுச் சட்டத்தை 2010இல் திருத்திக் கடுமையாக்கினார்கள்.

*

பாறையில் எழுதுவது நம் ஊர் வியாதி மட்டுமல்ல. 2002இல் இமாசலப் பிரதேசத்தில், மணாலியிலிருந்து ரோதாங் கணவாய்க்குப் போகும் வழியில், பெரிய குளிர்பான நிறுவனங்களின் விளம்பரம் பாறைகளில் எழுதப்பட்டிருப்பதைப் பத்திரிகைச் செய்தியில் பார்த்த உச்ச நீதிமன்றம், தானாக முன்வந்து விசாரித்தது. அமெரிக்காவில் 2014இல் ஒரு இளம்பெண் பல தேசியப் பூங்காக்களின் பாறைகளில் அக்ரிலிக்கில் முகங்கள் வரைந்து, தானே படம் பிடித்து இணையத்தில் போட்டார். 2016இல் அவருக்கு இரண்டாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் 200 மணி நேரச் சமூக சேவையும் விதித்தார்கள். அந்தக் காலத்தில் பூங்காக்களுக்குள் நுழையவும் தடை. நுழையத் தடை என்பதைவிட, அந்த 200 மணி நேரத்தையும் பிரஷோடு பாறைமுன் உட்கார வைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

*

எங்கே நிறுத்துவது என்பதுதான் இந்த வேலையில் கடைசிவரை பிடிபடாதது. இரண்டு பற்றுக்குப் பிறகு ‘ம’ போய்விட்டது, ஆனால் இருக்கிறது. நனைந்தால் தெரியாது, காய்ந்தால் லேசாக நீலம் பாவும். மூன்றாவது பற்றும் போடலாம். அதில் நிறம் கொஞ்சம் வரும், கல் கொஞ்சம் வரும். பையன்கள் காலணியை மாட்டிக்கொண்டு அதன் மேல் ஏறிப் பார்த்தார்கள். கால் பிடித்தது. அத்தோடு விட்டுவிட்டோம்.

*

இதைப் படித்துவிட்டுப் பிரஷை எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர்களிடம் மூன்று வேண்டுகோள். காட்டுக்குள் இருக்கும் பாறை என்றால் முதலில் வனத்துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கையகல மூலையில் மருந்தைப் போட்டு, ஒரு நாள் விட்டுப் பார்த்த பிறகு மற்ற இடத்தைத் தொடுங்கள். சிற்பமோ, பழைய எழுத்தோ, ஓவியத்தின் மிச்சமோ இருக்கிற பாறை என்றால், அதன் மேல் எவன் பெயர் எவ்வளவு பெரிதாக எழுதியிருந்தாலும் தண்ணீர்கூடத் தெளிக்காதீர்கள். ஒரு படம் எடுத்துத் தொல்லியல் துறைக்கு அனுப்பிவிட்டு வந்துவிடுங்கள்.