ஆட்டக்காரனுக்கு நாம் பட்ட கடன்

பந்தாடத் தெரிந்தவன் என்ற ஒரே தகுதிக்காக ஓர் இளைஞனுக்குப் போலீஸ் உத்தியோகம் கொடுத்து, அவனுடைய யௌவனத்தையும் சரீர பலத்தையும் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் மைதானத்தில் உபயோகித்துக்கொண்ட ஓர் அரசாங்கம், அவன் கால் தளர்ந்த பிறகும் மாதச் சம்பளத்தைத் தவறாமல் கொடுத்து வருமாயின், அவனுக்குச் செய்யவேண்டிய கர்த்தவ்யம் அதோடு தீர்ந்துவிட்டதென்று சொல்லலாமா? திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கேரளப் போலீஸ் கால்பந்து அணியின் சரித்திரத்தையும், சிறப்பாக அவ்வணியின் பின்களத்தில் நின்று காத்த வி. பி. சத்யனுடைய வாழ்க்கையையும் நினைத்துப் பார்ப்பவர்கள் இந்தக் கேள்வியைத் தாண்டிச் செல்வது எளிதன்று.

கண்ணூர் மாவட்டத்தில் சொக்ளிக்கு அருகிலுள்ள மேக்குன்னில் 1965ஆம் ஆண்டு பிறந்த சத்யன், வடகேரளத்து மைதானங்களில் பழகிய ஆட்டத்தைப் போலீஸ் அணிக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர். ஐ. எம். விஜயன், யு. ஷரஃப் அலி, சி. வி. பாப்பச்சன், குரிகேஷ் மாத்யூ போன்றோர் ஒன்றுசேர்ந்திருந்த அந்த அணி, 1990இல் திருச்சூரிலும் அடுத்த ஆண்டு கண்ணூரிலும் இந்தியக் கிளப்புகளுக்கான ஃபெடரேஷன் கோப்பையை வென்றபோது, அதுவரை கேரளத்தின் எந்த அணிக்கும் கிட்டாதிருந்த அந்தக் கீர்த்தியை, காக்கி உடுப்பணிந்த அரசு ஊழியர்கள் தேடித் தந்தார்கள் என்பதில் மலையாள நாடு முழுவதும் ஒரு தனிப் பெருமிதம் கொண்டது. 1973க்குப் பிறகு பத்தொன்பது ஆண்டுகள் எட்டாதிருந்த, மாநில அணிகளுக்கான சந்தோஷ் கோப்பை 1992இல் கோயம்புத்தூரில் கோவாவை வென்று கேரளத்துக்குக் கிடைத்தபோது அணித்தலைவர் சத்யனே. இடையில் கல்கத்தாவுக்குச் சென்று அங்குள்ள பெரிய கிளப்புகளுக்கு ஆடினார். இந்திய அணிக்குத் தலைமை வகித்தார். 1995இல் சென்னையில் நடந்த தெற்காசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியா தங்கம் பெற்றபோதும் தலைமை அவருடையதாகவே இருந்தது. பின்பு போலீஸை விட்டுச் சென்னை இந்தியன் வங்கியில் சேர்ந்தார். 2006ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் தேதி, தம் நாற்பத்தொன்றாம் வயதில், அந்நகரிலேயே தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார்.

இவ்விடத்தில் மிகுந்த நிதானம் வேண்டும். நெடுநாளைய கால்வலியும் மனச்சோர்வும் அவரைப் பீடித்திருந்தன என்று அவரை அறிந்தவர்கள் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்கள். ஆயினும் ஒரு மனிதன் அத்தகைய முடிவுக்கு வருவதற்கு இன்னதுதான் காரணம் என்று வெளியே நிற்பவர்கள் தீர்ப்புச் சொல்வது, இறந்தவருக்கும் நியாயமாகாது, அதே வேதனையோடு இன்று வாழ்ந்துகொண்டிருப்பவர்களுக்கும் நன்மையாகாது. மனச்சோர்வு ஒரு நோய். சிகிச்சைக்கு வசப்படும் நோய். ஆகவே அந்த மரணத்தைச் சாட்சியாகக் கூண்டிலேற்றி யார் மேலும் குற்றம் சாட்டுவது இங்கே நோக்கமில்லை. அது நிகழாமல், சத்யன் அறுபது வயதைக் கடந்து இன்று நம்மிடையே நடமாடிக்கொண்டிருந்தாலும், அந்த வலிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்ற கேள்வி குறைவின்றி நின்றிருக்கும்.

ஒரு சம்பந்தமும் இல்லை என்பவர்களுடைய வாதத்தை அலட்சியம் செய்வதற்கில்லை. ஆட்டக்காரன் தன் இச்சையால் ஆடுகிறான். அதற்குக் கூலியும் புகழும் பெறுகிறான். அவனைவிடக் கடினமாக உழைத்து, கைதட்டல் ஏதுமின்றியே உடல் தேய்ந்துபோகிற கோடிக்கணக்கானவர்கள் இருக்க, பந்தை உதைத்தவனுக்கு மட்டும் தனிக் கடன் எங்கிருந்து வந்தது என்று அவர்கள் கேட்கிறார்கள். அதிலும் கேரளத்தின் ஏற்பாடு மற்ற நாடுகளின் வழக்கத்தோடு ஒப்பிட்டால் மேலானது என்பது மெய். மத்திய அமெரிக்காவிலுள்ள எல் சால்வடோர் நாட்டின் தேசிய அணிக்காக அந்நாள்வரை மற்றெவரையும்விட அதிக ஆட்டங்கள் ஆடியிருந்த ஆல்ஃப்ரெடோ பச்செக்கோ, பணம் பெற்றுக்கொண்டு ஆட்டத்தை விற்றதாக 2013இல் வேறு பலரோடு சேர்த்து ஆயுள் முழுவதும் விலக்கி வைக்கப்பட்டார். 2015 டிசம்பரில், முப்பத்துமூன்று வயதில், சாந்தா ஆனா நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் செய்த பிழைக்கு வறுமைதான் காரணமென்று இங்கே வாதிக்கவில்லை. ஆனால் காலில் வலு இருக்கும்வரைதான் ஜீவனம் என்ற நிலையில் ஓர் ஆட்டக்காரனை நிறுத்திவைத்தால், விலை பேசுகிறவன் அவனை அணுகுவது சுலபமாகிறது என்பதை யாரும் மறுக்க மாட்டார்கள். ஓய்வு பெறும்வரை சம்பளமும் அதன்பின் ஓய்வூதியமும் உண்டு என்று தெரிந்து மைதானத்தில் இறங்குகிற போலீஸ்காரனுக்கு இருக்கும் சுயமரியாதை, அரசாங்கம் அளித்த பெருங்கொடை.

அப்படியிருந்தும் கணக்கு நேராகவில்லை. அந்த உடன்படிக்கை எப்போது, யாருக்கும் யாருக்கும் இடையே ஏற்படுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு பக்கம் இருபது வயதுப் பையன். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் தன் கால்களின் இன்றைய வேகம். மறுபக்கம் ஒரு ஸ்தாபனம். அது அவனைப் போன்ற பலரைப் பார்த்திருக்கிறது. ஊசி போட்டு மரத்துப்போன கணுக்காலோடு இறுதியாட்டம் ஆடியவன் நாற்பது வயதில் மாடிப்படி எப்படி ஏறுகிறான் என்பதை அறிந்திருக்கிறது. இருவரும் சம்மதித்தார்கள் என்று சொல்லலாம். சமமாக அறிந்து சம்மதித்தார்கள் என்று சொல்ல முடியாது. பின்னால் வரப்போகிற துன்பத்தை முன்னரே அறிந்தவன் யாரோ, அறியாதவனை அந்த வழியில் இறக்கிவிட்டவன் யாரோ, அவன் தலையிலேயே பொறுப்பு விழுகிறது. சம்பளம் ஆட்டத்துக்குப் பிரதிபலன். தேய்ந்துபோன முழங்காலுக்கு அந்தப் பேரேட்டில் பத்தி இல்லை.

மீனவனும் தறிக்காரனும் தேய்கிறார்களே என்ற ஆட்சேபத்துக்குக் கேரளமே ஒரு பதிலைச் செய்து காட்டியிருக்கிறது. கடல் தொழிலாளருக்கும் கயிறு, முந்திரித் தொழிலாளருக்கும் தனித்தனியே நல நிதி வாரியங்கள் அங்கே உண்டு. உடலைக் கொடுத்து உழைத்தவனுக்கு உடல் ஓய்ந்தபின் சமூகம் கடமைப்பட்டிருக்கிறது என்ற தத்துவம் அங்கே சட்டமாகவே ஏற்கப்பட்டது. விளையாட்டு வீரருக்கும் மத்திய அரசின் நல நிதி ஒன்று 1982 முதல் இருக்கிறது. ஆனால் அது முக்கியமாக வறுமையுற்றவர்களை நோக்கியது. கையில் வங்கி உத்தியோகம் உள்ளவன் வறியவன் அல்லன். அவனுக்குக் குறைந்தது பணமும் அன்று. முந்தின நாள்வரை பல்லாயிரம் பேர் பெயர் சொல்லி அழைத்தவன் மறுநாள் மேஜைக்குப் பின்னால் உட்காரும்போது எதை இழக்கிறான் என்பதை எந்த விண்ணப்பப் படிவமும் கேட்பதில்லை.

நம்முடைய பங்கையும் இங்கே சொல்லியாக வேண்டும். அடிபட்ட காலோடு ஒருவன் எழுந்து நொண்டிக்கொண்டே மீண்டும் பந்தின் பின்னால் ஓடும்போதுதான் அரங்கு பெருங்குரல் எழுப்புகிறது. அதை வீரம் என்று போற்றுகிறோம். மறுநாள் பத்திரிகை அதையே தலைப்பாகப் போடுகிறது. அது வீரமே, ஐயமில்லை. ஆனால் அந்த வீரத்தால் பயன் பெறுகிறவர்கள் நாம், அதன் விலையைக் கொடுக்கிறவன் அவன். வேண்டாம், வெளியே வா என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு இருக்கவேண்டும்? ஆட்டக்காரனால் சொல்ல முடியாது. ஆடாத தன்னை அவன் கற்பனை செய்தும் பார்த்ததில்லை. பயிற்சியாளர் சொல்லமாட்டார், கோப்பை அவருடைய உத்தியோகத்தோடு பிணைந்திருக்கிறது. ரசிகன் நிச்சயமாகச் சொல்லமாட்டான். வெற்றி தோல்வியில் பங்கில்லாத ஒரு வைத்தியர், அணி நிர்வாகத்தின் கீழ் அடங்காத ஒருவர், அந்தச் சொல்லைச் சொல்லவேண்டும். 2003இல் பிரான்ஸ் நாட்டு லியோன் நகரில் காமரூன் வீரர் மார்க்-விவியன் ஃபோயே ஆட்டத்தின் நடுவே விழுந்து இறந்த பிறகு, பெரும் போட்டிகளில் வீரரின் இதயத்தைப் பரிசோதிப்பதைப் பற்றி உலகம் முன்னிலும் அக்கறையோடு சிந்திக்கத் தொடங்கியது.

அந்தச் சிந்தனை மலபாரின் செவன்ஸ் மைதானங்களுக்கு வந்து சேரவில்லை. அறுவடை முடிந்த வயல்களில் தற்காலிகக் கேலரிகளைக் கட்டி, இரவு விளக்கொளியில் அணிக்கு ஏழு பேராக ஆடும் அந்த ஆட்டத்தில், கல்கத்தாவின் மூன்று பெரிய கிளப்புகளுக்கும் ஆடிய பாலக்காட்டு வீரர் ஆர். தனராஜன், 2019 டிசம்பர் 29ஆம் தேதி பெரிந்தல்மண்ணாவில் ஆடிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்து இறந்தார். அவருக்கு முப்பத்தொன்பது வயது. குடும்பத்துக்கு நிதி திரட்ட அடுத்த மாதமே பாலக்காடு நூரணியில் ஓர் ஆட்டம் ஏற்பாடாயிற்று. தொடங்கும் முன்பே தற்காலிகக் கேலரி சரிந்து ஐம்பது பேர்வரை காயமுற்றார்கள். இரக்கம் நம் மக்களிடம் குறைவாக இல்லை. நூரணிக்குத் திரண்ட கூட்டமே அதற்கு அத்தாட்சி. குறைவாக இருப்பது முன்யோசனை. சத்யனுடைய வாழ்க்கையை ‘கேப்டன்’ என்ற மலையாளத் திரைப்படமாக 2018இல் எடுத்தார்கள். அவரைப் பார்த்தேயிராத ஒரு தலைமுறை அவரை அறிந்துகொண்டது. அது நல்ல காரியம். என்றாலும் மரணத்துக்குப் பின் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துச் செலுத்தப்படும் மரியாதை, செலுத்துகிறவனுக்கு ஆறுதல் தரும். பெறவேண்டியவன் அங்கே இல்லை.

திருவனந்தபுரத்துக் கடற்கரையில், பூந்துறையிலும் விழிஞ்ஞத்திலும், தமிழகத்து எல்லையை ஒட்டிய பொழியூரிலும், அதற்கப்பால் குமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் பக்கத்திலும், மணலில் பந்தாடி வளர்ந்த மீனவர் வீட்டுப் பிள்ளைகள் இன்றும் சந்தோஷ் கோப்பை அணிகளில் இடம்பெறுகிறார்கள்; அவர்களுக்கு அரசு உத்தியோகம் ஒரு குடும்பத்தையே கடலிலிருந்து கரையேற்றுகிற வாய்ப்பு. அந்த நியமன உத்தரவைக் கொடுக்கிற அன்றே, அவர்கள் உடலில் படும் ஒவ்வொரு காயத்துக்கும் ஒரு குறிப்பேடு தொடங்கப்படட்டும். அணி மாறினாலும் இலாகா மாறினாலும் அது அவர்களோடு செல்லட்டும். ஆட்டம் நின்ற ஆண்டில் மருத்துவரும் மனநல ஆலோசகரும் அழைக்காமலே அவர்களைத் தேடி வரும்படி விதி எழுதப்படட்டும். அதற்காகும் செலவு, உதவித்தொகை என்ற தலைப்பில் கருணையாக எழுதப்படாமல், சம்பளக் கணக்கின் பாக்கியாகவே ஒவ்வோர் ஆண்டும் வரவுசெலவுத் திட்டத்தில் இடம்பெற வேண்டும்.