ஷீலா இ.யின் ஆல்பத்துக்குக் கர்த்தா யார்?

ஷீலா இ.யின் முதல் தனி ஆல்பமான 'தி கிளாமரஸ் லைஃப்' 1984 ஜூனில் வார்னர் பிரதர்ஸ் வெளியீடாக வந்தது. ஃபங்க்கும் பாப்பும் கலந்த ஆறே உருப்படிகள். அதில் ஒன்று வெறும் வாத்திய இசை. உறையில் இருப்பது ஷீலாவின் பெயர். ஆனால் பாடல்களில் பெரும்பாலானவற்றை எழுதியவரும் வாத்தியங்களில் பலவற்றை வாசித்தவரும் பாடகர் பிரின்ஸ். தயாரிப்பில் அவருடைய பங்கு 'ஸ்டார் கம்பெனி' என்ற புனைபெயருக்குள் ஒளிந்திருந்தது. அப்படியானால் இந்த ஆல்பத்துக்குக் கர்த்தா யார்? கலைத் தத்துவம் நெடுங்காலமாக விவாதித்துவரும் கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைப்பது கடினம்.

ஷீலா யாரோ கண்டெடுத்து மேடையேற்றிய புதுமுகம் அல்ல. 1957-இல் கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் பிறந்தவர். தந்தை பீட் எஸ்கொவேடோ பெயர்பெற்ற தாளவாத்தியக் கலைஞர். ஞானத்தந்தை டிம்பாலெஸ் மேதை டிட்டோ புவெந்தே. பிரின்ஸுடன் சேர்வதற்கு முன்பே ஜார்ஜ் டியூக்கின் குழுவில் வாசித்தவர். தந்தையோடு சேர்ந்து இசைத்தட்டும் போட்டிருந்தார். 1984-இல் முன்னணிப் பாடகி என்ற இடம்தான் அவருக்குப் புதிது. வாசிப்பில் ஏற்கெனவே தேர்ந்த கை.

ஒரு வெண்கலச் சிலை உண்டாவதற்கு உலோகம், வடிவம், செய்பவர், நோக்கம் என நான்கு காரணங்களைச் சொன்னார் அரிஸ்டாட்டில். இங்கே வடிவம் பிரின்ஸுடையது என்று எளிதாகச் சொல்லிவிடலாம். செய்பவர் யார் என்பதில்தான் சிக்கல். சிற்பி என்ற ஆளைவிட, அவருக்குள் இருக்கும் சிற்பக் கலையே முந்திய காரணம் என்பது அரிஸ்டாட்டில் சேர்த்துச் சொன்ன நுட்பம். அதன்படி பார்த்தால், ஷீலாவின் கையில் இருந்த கலை கியூபாவில் பிறந்து, புவெந்தே போன்றவர்களின் நியூயார்க்கைக் கடந்து, ஓக்லண்டில் ஒரு வீட்டுக்குள் வந்து சேர்ந்தது. அது பிரின்ஸ் கொடுத்ததும் அல்ல, முழுக்க ஷீலா உண்டாக்கியதும் அல்ல.

ஷீலா வாசிக்கும் டிம்பாலெஸ் என்பது ஒரு தாங்கியில் பொருத்திய இரண்டு உலோக மத்தளங்கள். மேலே மட்டும் தோல், அடிப்பக்கம் திறந்திருக்கும். வாசிப்பவர் நின்றபடி மெல்லிய குச்சிகளால் தோலையும் விளிம்பையும் தட்டுவார். உலோக உடலின் பக்கவாட்டையும் விட்டுவைப்பதில்லை. அந்தப் பக்கவாட்டுத் தட்டலுக்கு 'காஸ்கரா' என்று பெயர். ஸ்பானிய மொழியில் ஓடு என்று பொருள். எந்த அடி எப்போது விழ வேண்டும் என்பதை ஏட்டில் எழுதிவிடலாம். குச்சி விளிம்பில் எந்தக் கோணத்தில் பட்டு எவ்வளவு கூர்மையாக ஒலித்தது என்பதை எழுத முடியாது.

இந்த வேறுபாட்டைத் தத்துவவாதி நெல்சன் குட்மன் 1968-இல் வேறொரு வழியாக எடுத்துக்கொண்டார். ஓவியத்தைப் போலி செய்யலாம். ஏட்டில் எழுதிய இசையை அப்படிச் செய்ய முடியாது, குறிப்பின்படி யார் வாசித்தாலும் அது அதே படைப்புதான் என்பது அவர் வாதம். சிம்ஃபனிக்கு இது பொருந்தும். ராக் இசையில் படைப்பு என்பது ஒலிப்பதிவேதான் என்று 1996-இல் இன்னொரு தத்துவவாதி தியோடோர் கிரேசிக் வாதிட்டார். ஃபங்க்குக்கு அவர் சொல்வதே சரி. அமெரிக்கச் சட்டமும் பாட்டுக்கு ஒரு காப்புரிமை, ஒலிப்பதிவுக்கு வேறொரு காப்புரிமை என்று பிரிக்கிறது. இரண்டாவதற்கு மத்தியச் சட்டத்தின் பாதுகாப்பு 1972-இல்தான் கிடைத்தது. தாளக்காரரின் பங்கு பாட்டுக் கணக்கில் சேர்வது அபூர்வம்.

ஒலிப்பதிவே படைப்பு என்றால் ஷீலா வென்றுவிட்டார் என்று ஆகாது. அதே ஒலிப்பதிவில் பிரின்ஸின் கைகளும் நிறைய இருக்கின்றன. ஆசிரியன் இறந்துவிட்டான், பொருள் பிறப்பது வாசகனிடம் என்று 1967-இல் இலக்கிய விமர்சகர் ரோலான் பார்த் அறிவித்ததும் இங்கே உதவாது; ராயல்டி காசோலையில் வாசகன் பெயரை எழுத முடியாதே! இரண்டு ஆண்டுகள் கழித்துத் தத்துவவாதி மிஷேல் ஃபூக்கோ சொன்னது கூடுதலாகப் பயன்படும்: ஆசிரியர் பெயர் ஓர் ஆளைச் சுட்டுவதோடு நிற்பதில்லை, படைப்புகளை வகைப்படுத்தி, அவை எப்படி ஏற்கப்பட வேண்டும் என்பதையும் தீர்மானிக்கிறது. தலைப்புப் பாடல் பில்போர்டு பட்டியலில் 7-ஆம் இடத்தைப் பிடித்தது, மேடையில் டிம்பாலெஸ் அடித்துக்கொண்டே பாடும் பெண்ணின் பாடலாகத்தான்.

பாட்டு பிரின்ஸுடையது, ஒலிப்பதிவு இருவருடையது, அதற்கு ஊரறியப் பொறுப்பேற்று நின்றவர் ஷீலா. 1984-இன் உறையில் இருந்த ஒற்றைப் பெயர் பொய் அல்ல, பாதி உண்மை. பிரின்ஸ் மறைந்து மூன்று ஆண்டுகள் கழித்து, பிறருக்குக் கொடுத்த பாடல்களை அவரே பாடிய பழைய பதிவுகள் 'ஒரிஜினல்ஸ்' என்ற தொகுப்பாக வந்தன. 'தி கிளாமரஸ் லைஃப்' அதில் பத்தாவது பாடல். அந்த உறையிலும் ஒரே பெயர்தான்: பிரின்ஸ்.