9 மில்லிமீட்டர்

என் தைராய்டின் இடப்பக்கத்தில் 9 மில்லிமீட்டர் அளவில் ஒரு கட்டி இருக்கிறது. ஊசி பரிசோதனையில் பெதெஸ்டா 5-ம் வகை என்று வந்தது. ஆறு வகைகள் உள்ள அந்த வரிசையில் ஐந்தாவதுக்குப் பொருள், புற்றுநோயாக இருக்கலாம் என்ற பலமான சந்தேகம். மருத்துவர் இரண்டு வழி சொன்னார். பாதித் தைராய்டை எடுத்துவிடலாம், அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துக் கண்காணிக்கலாம். "ரெண்டுமே சரிதான். நீங்கதான் முடிவு பண்ணணும்."

இரண்டுமே சரி என்றால் எதை வைத்து முடிவெடுப்பது?

அம்மாவுக்குக் குழப்பமே இல்லை. "வேண்டாதது உடம்புல எதுக்கும்மா? எடுத்துப் போட்டுட்டா நிம்மதி." அம்மா மட்டுமல்ல, நாம் பெரும்பாலும் அப்படித்தான் யோசிக்கிறோம். செய்து கெட்டால் விதி என்போம். செய்யாமல் கெட்டால் குற்றம் என்போம். ஆபரேஷனில் குரல் நரம்பு பாதிக்கப்பட்டுக் குரல் கம்மிப்போனால் ஆறுதல் சொல்ல ஆள் வரும். ஸ்கேனில் கட்டி வளர்ந்திருந்தால், "அப்பவே சொன்னேன்ல" என்றுதான் வரும்.

ஜப்பானின் கோபே நகரில் உள்ள கூமா மருத்துவமனையில், அகிரா மியாவுச்சியின் யோசனைப்படி, 1993-ல் இந்தக் காத்திருப்பைத் தொடங்கினார்கள். 1 செ.மீ.க்கு மேற்போகாத, பரவிய அடையாளம் இல்லாத பாப்பிலரி புற்றுநோயை உடனே அறுக்காமல் கவனித்தார்கள். மூச்சுக்குழாயையோ குரல் நரம்பையோ ஒட்டியிருந்தால் காத்திருக்கவில்லை. 1,235 பேரைப் பற்றி 2014-ல் வந்த அறிக்கையின்படி, பத்தாண்டில் 3 மி.மீ.யோ அதற்கு மேலோ வளர்ந்தது சுமார் 8 சதவீதம் பேருக்கு. நிணநீர் முடிச்சுகளில் பரவியது சுமார் 4 சதவீதம் பேருக்கு. அந்த நோயால் ஒருவரும் இறக்கவில்லை. தென்கொரியாவில் கதை வேறு. அங்கே ஸ்கேன் பெருகி, 1993-க்கும் 2011-க்கும் இடையில் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்படுவது 15 மடங்கானது. இறப்பு விகிதம் மட்டும் அப்படியே இருந்தது.

ஆனால் கோபே அறிக்கையிலேயே எனக்கு எதிரான செய்தியும் இருக்கிறது: இளையவர்களிடம் கட்டி வளரும் வாய்ப்பு அதிகம். எனக்கு வயது 34. தவிர, இந்த எண்கள் கட்டியைப் பற்றியவை, என் தூக்கத்தைப் பற்றியவை அல்ல. பயத்தோடு வாழ முடியாமல் ஒருத்தி ஆபரேஷனுக்குப் போனால் அவளைக் கோழை என்று சொல்ல மாட்டேன். பயமும் உடம்பில்தானே இருக்கிறது!

நான் கேட்டுக்கொண்ட கேள்வி ஒன்றுதான்: எடுக்கப்போவது கட்டியையா, பயத்தையா? பாதியை எடுத்தாலும் மீதிப் பாதிக்கு ஸ்கேன் உண்டு. சிலருக்கு வாழ்நாள் முழுக்க மாத்திரையும் உண்டு. முழு நிச்சயத்தை இரண்டு வழியும் தருவதில்லை. ஆனால் காத்திருந்தால் பிறகும் ஆபரேஷன் செய்துகொள்ளலாம். எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது.

அதனால் காத்திருக்க முடிவெடுத்தேன், ஒரு நிபந்தனையோடு. 3 மி.மீ. வளர்ந்தாலோ, நிணநீர் முடிச்சில் ஏதாவது தெரிந்தாலோ ஆபரேஷன்தான். அந்த நேரத்தில் பேரம் பேசக்கூடாது என்பதற்காக இதை அம்மாவிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். எல்லை வகுக்காமல், ஸ்கேன் தேதியையும் மறந்துவிட்டால், நான் செய்வதற்குப் பெயர் கண்காணிப்பு அல்ல, தள்ளிப்போடுவது.