கேட்பவர் கணக்கு

2017 ஏப்ரல் 30ஆம் திகதியோடு பி.பி.சி. தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு நின்றுபோனது. 1941இல் தொடங்கிய சேவை அது. வானொலி கேட்பவர்கள் குறைந்துவிட்டார்கள், மக்கள் இணையத்துக்கும் தொலைக்காட்சிக்கும் மாறிவிட்டார்கள் என்று காரணம் சொல்லப்பட்டது. அரச வானொலிகளின் செலவைக் குறைக்கும்போதும் இதே காரணம்தான் வருகிறது. மாறிப் போனவர்களை எண்ணும் இந்தக் கணக்கில், மாற முடியாதவர்கள் வெறும் மீதியாகிவிடுகிறார்கள். நிறுத்துவது நியாயமா என்ற கேள்வியை அந்த மீதியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இலங்கை மலையகத்தில், தலவாக்கலையைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் அந்த மீதி யார் என்பது மழைக்காலத்தில் தெரிந்துவிடும். மின்சாரம் போகிறது, கைத்தொலைபேசியில் சார்ஜ் தீர்கிறது, சிக்னலும் விட்டுவிட்டுத்தான் வரும். 2022 மார்ச் இறுதியில் நாடெங்கும் 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தபோது இந்த நிலைமை நகரத்தாருக்கும் புரிந்தது. பற்றரியில் ஓடும் சிறிய வானொலிக்கு இந்தத் தடை இல்லை. அதன் தேவை பேரிடரில் தெரியும். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயன் வீடுகள் மண்சரிவில் புதைந்தன. ஆபத்து பற்றி முன்பே எச்சரித்திருந்ததாக அதிகாரிகள் பின்னர் சொன்னார்கள். குடியேற வேறு காணியும் வீடும் இல்லாதவருக்கு வானொலி மட்டும் உயிர் காத்திருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் கேட்பவரின் மொழியில், அவருடைய தோட்டத்தின் பெயரைச் சொல்லி, முந்தைய இரவே வராத எச்சரிக்கை கோப்பில்தான் கிடக்கும்.

இந்த வேலையைத் தனியார் பண்பலைகள் பார்த்துக்கொள்ளும் என்பார்கள். அவை தமிழில் நன்றாகவே பேசுகின்றன. ஆனால் கொழும்பிலிருந்து, விளம்பர வருமானத்தில், முழுத் தீவுக்கும் பேசுகின்றன. தோட்டத்தின் எந்த டிவிஷனுக்குப் போகும் பாதை சரிந்தது என்பதைச் சொல்ல அவற்றுக்கு வருமானமும் இல்லை, கடமையும் இல்லை. அரச வானொலி ஆட்சியாளரின் குரல்தானே, போனால் என்ன என்ற வாதம் இதைவிடக் கனமானது. அந்த வாதத்தில் உண்மை உண்டு என்பதற்கு அருகிலுள்ள கொத்மலை சமூக வானொலியே சான்று. 1989இல் தொடங்கி, 1998 முதல் யுனெஸ்கோவின் துணையோடு நேயர்களின் கேள்விகளுக்கு இணையத்தில் விடை தேடி ஒலிபரப்பி உலகப் பெயர் பெற்ற நிலையம் அது. அதுவும் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கீழேயே இருந்தது; நிகழ்ச்சிகளில் பெரும்பகுதி சிங்களத்தில். 2012 குடிசன மதிப்பீட்டின்படி நுவரெலியா மாவட்ட மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மலையகத் தமிழர். அவர்களுக்கு உள்ளூர் வானொலி ஒருபோதும் முழுமையாகக் கிடைக்கவில்லை. ஆனால் அரைகுறையாகக் கொடுத்ததைப் பயனில்லை என்று காட்டிப் பறிப்பது இரட்டை அநீதி.

திறைசேரியில் பணமில்லை என்பது உண்மைதான். எல்லா அலைவரிசையையும் என்றென்றைக்கும் காப்பாற்ற முடியாது. ஆனால் மூடுகிறவர் மாற்று வழியை முதலில் காட்ட வேண்டும். மழை பெய்யும் இரவில், மின்சாரம் இல்லாத நேரத்தில், தோட்டத்தின் கடைசி டிவிஷனில் அது வேலை செய்வதைக் காட்ட வேண்டும்.