பிணங்களை எண்ணும் கணக்கு

ஓர் உயிருக்குத் தீங்கு நேர்ந்தது என்று எப்போது சொல்லலாம்? அது மடிந்து வீழ்ந்தால்தான் தீங்கா? பூச்சிமருந்துகளைச் சோதிப்போர் நெடுங்காலம் முதன்மையாகக் கொண்ட முறை இக்கேள்விக்கு ‘ஆம்’ என்றே விடை கூறியது. தேனீயின் முதுகில் மருந்துத் துளியை இட்டோ, சர்க்கரைப் பாகில் கலந்து ஊட்டியோ, ஓரிரு நாளில் எத்தனை இறந்தன என்று எண்ணுவதே அம்முறை.

ஆனால் கூடி வாழும் தேனீ தனியுயிர் அன்று. ஒரு குடும்பத்தின் உறுப்பு. 2012ஆம் ஆண்டு, ஸ்காட்லாந்தின் ஸ்டெர்லிங் பல்கலைக்கழகத்தார் ஓர் ஆய்வை வெளியிட்டனர். உடல் பருத்த, மயிரடர்ந்த பம்பிள் தேனீயின் 75 கூடுகளை எடுத்து, ஒரு பகுதிக்கு வயல் மலர்களில் காணக்கூடிய அளவில் இமிடாகுளோபிரிட் கலந்த உணவை 14 நாள் ஊட்டினர். பின்னர் ஆறு வாரம் வெளியில் வாழவிட்டனர். மருந்துண்ட கூடுகள் எடையில் சற்றே குறைந்தன; அவ்வளவே கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் அடுத்த ஆண்டின் குடும்பங்களைத் தொடங்க வேண்டிய இராணிகள், மருந்துண்ணாத கூடுகளில் சராசரி 14 அளவில் பிறக்க, மருந்துண்டவற்றில் இரண்டுக்கு மேல் பிறக்கவில்லை. இன்றிருப்பவர் வாழ்ந்தனர்; நாளை பிறக்க வேண்டியவர் பிறக்கவில்லை.

2015இல் வெளிவந்த சுவீடன் நாட்டு வயலாய்வோ இன்னொன்றை உணர்த்தியது. அதே வகை மருந்திட்ட வயல்களருகே பம்பிள் தேனீக் கூடுகள் வளர்ச்சி குன்றின. ஐரோப்பியத் தேனீயின் கூடுகளில் அத்தகைய பாதிப்புத் தென்படவில்லை. ஓரினத்தின் சாட்சியம் மற்றோரினத்துக்குச் செல்லாது என்பதே இதன் பொருள். 2018இல் ஐரோப்பிய ஒன்றியம் இவ்வகை மருந்துகள் மூன்றைத் திறந்த வயல்களில் தடை செய்தது.

கொங்குச் சமவெளியில் பம்பிள் தேனீ இல்லை. பொள்ளாச்சித் தென்னையிலும், மூலனூர் முருங்கையிலும் மகரந்தம் தேடுவது அடுக்குத் தேனீயும், மலைத்தேனீயும், கொம்புத்தேனீயும், கொசுத்தேனீயுமே. எனவே அயல்நாட்டுச் சோதனை தரும் அச்சத்தையும் ஆறுதலையும் அப்படியே இங்கு இறக்குமதி செய்ய இயலாது. நம் தேனீயை நம் வயலில், கூடு முழுவதையும், ஒரு பருவம் முழுவதும் நோக்கியே தீர்ப்புக் கூற வேண்டும்.

உழவரைக் குற்றவாளியாக நிறுத்துவது எளிது, நீதியாகாது. தத்துப்பூச்சி சாற்றை உறிஞ்சிப் பருத்தியிலை சிவக்கும்போது, கடன் வாங்கியவரின் அச்சம் பொய்யன்று. மேலும், பருத்தி விதை மருந்து பூசப்பட்டே விற்கப்படுவதும் உண்டு. அங்கே அவரை எவரும் கேட்பதில்லை. அவ்வாறாயின், மெய்ப்பிக்கும் கடமை யாருடையது? ஆதாயம் பெறுபவருடையதே அன்றோ! ‘தீங்கு மெய்ப்பிக்கப்படவில்லை’ என்பது வேறு; ‘தீங்கின்மை மெய்ப்பிக்கப்பட்டது’ என்பது வேறு. முன்னதைப் பின்னதாகக் காட்டி விற்பது, எடைக்கல்லை மாற்றுவதற்கு ஒப்பாகும்.

சிற்றுயிர்தானே என்று இதனை ஒதுக்க நமக்கு இடமில்லை. திருக்குர்ஆனின் 16ஆம் அத்தியாயம் தேனீயின் பெயரையே தாங்கியுள்ளது. வாய் திறந்து வழக்காட இயலாத உயிரின் பொருட்டு, ஐயத்தின் பயனை அதற்கே அளிப்பதுதான் அறம்.