துக்க வீட்டிலும் பந்தியிலும்

பாலசமுத்திரம் பக்கத்தில் கிறிஸ்தவக் குடும்பங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருக்கின்றன. ஒரு பக்கம் பழனி மலைக்கோயில், மறுபக்கம் பாலாறு–பொருந்தலாறு அணை. நடுவே தென்னையும் நெல்லும் கரும்புமாக வாழ்க்கை. இப்படிப்பட்ட ஊர்ச் சபைகளில் இறையியல் என்று பேச்செடுத்தால், "அதெல்லாம் படிச்ச ஐயருங்க சமாச்சாரம், நமக்கு ஜெபம் போதும்" என்றுதான் பதில் வரும். ஜெபத்தின் அருமையை நான் அறிவேன். ஆனாலும் அந்தப் பதிலோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை. இறையியல் பேசாத கிறிஸ்தவர் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை.

வாலிபப் பிள்ளை ஒருவன் விபத்தில் இறந்துபோகிறான். கேதம் கேட்க வந்தவர்கள் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆண்டவருக்குத் தேவைப்பட்டான், எடுத்துக்கிட்டார்" என்கிறார்கள். குழந்தையில்லாத பெண்ணிடம், "விசுவாசம் பத்தல, இன்னும் உபவாசம் இரு" என்கிறார்கள். ஆழ்துளைக் கிணறு பொய்த்துக் கடனில் நிற்கும் விவசாயியிடம், "தசமபாகம் ஒழுங்கா கொடுத்தியா?" என்று கேட்கிறார்கள். இவை ஒவ்வொன்றும் கடவுள் எப்படிப்பட்டவர் என்று சொல்லும் போதனைதான். முதலாவது, பெற்றவளிடமிருந்து பிள்ளையைப் பிடுங்குகிறவராகக் கடவுளைக் காட்டுகிறது. அடுத்தது, கண்ணீரை அளந்து பார்த்து வரம் கொடுக்கிறவராக. மூன்றாவது, பாக்கி வைத்தவனின் தண்ணீரை நிறுத்துகிறவராக. சொன்னவர்கள் நல்லவர்கள், ஆறுதல் சொல்லத்தான் வந்தார்கள். ஆனால் பிரசங்க பீடத்தில் கேட்ட எதையும்விட ஆழமாக அந்தச் சொற்கள் அந்தத் தாயின் மனதில் இறங்கிவிடுகின்றன. பிறகு அவள் கோயிலுக்கு வந்தாலும் யாரிடம் ஜெபிக்கிறாள்? தன் பிள்ளையைப் பறித்தவரிடமா?

வேதத்தில் யோபின் கதையை இந்தக் கண்ணோடு படிக்க வேண்டும். நண்பர்கள் மூவரும் வந்து ஏழு நாள் இராப்பகலாக அவனோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதுவரை அவர்கள் குறையற்றவர்கள். வாய் திறந்த பிறகுதான் சிக்கல் தொடங்குகிறது. பாவம் செய்தவனுக்குத் துன்பம், நீதிமானுக்கு வாழ்வு என்று அவர்கள் பேசியதெல்லாம் அன்றைக்குப் பக்தியுள்ளவர்கள் ஒத்துக்கொண்ட உபதேசம். யோபோ கடவுளோடு வழக்காடுகிறான், முறையிடுகிறான். கடைசியில் கடவுள் கோபப்படுவது கடவுளுக்காக வாதாடிய அந்த நண்பர்கள்மேல். என்னைப் பற்றிச் சரியாகப் பேசியவன் யோபுதான் என்று அவரே தீர்ப்புச் சொல்கிறார். பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்கள், இது யார் செய்த பாவம் என்று கேட்டபோது இயேசுவும் அந்தக் கணக்கை ஏற்கவில்லை. லாசருவை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும் அவன் சகோதரிகளின் துக்கத்தைக் கண்டு அழுதார். கடவுள் மனிதரானார் என்று ஞாயிறுதோறும் விசுவாசப் பிரமாணத்தில் அறிக்கையிடுகிறோம். துக்க வீட்டில் அதற்கு என்ன பொருள்? காரணம் சொல்லாமல், கூடவே உட்கார்ந்து அழுவதுதான் பொருள். அந்த உபதேசத்தை நன்றாகக் கற்றவர்கள் அங்கே குறைவாகப் பேசுவார்கள்.

இறையியல் சோதிக்கப்படும் இன்னோர் இடம் பந்தி. மதுரைச் சீமைச் சபைகளுக்கு இது பழைய பாடம். 1834-இல் மதுரையில் பணி தொடங்கி, அடுத்த ஆண்டே திண்டுக்கல்லுக்கும் வந்த அமெரிக்க மிஷன், 1840-களில் சாதிப் பிரச்சினையோடு மோதியது. எல்லோரோடும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று மிஷன் வற்புறுத்தியபோது, வேதத்தை நன்றாகக் கற்றிருந்த ஊழியர்களிலேயே பலர் மறுத்தார்கள். பாடமாகத் தெரிந்த இறையியல் சோற்றுத் தட்டின் முன்னால் நின்றுவிட்டது.

நூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் இருந்துகொண்டு அதே இடத்தைத் தொட்டவர் தியோபிலஸ் அப்பாவு (1940–2005). பரட்டை அண்ணன் என்றால்தான் பலருக்குத் தெரியும். நாட்டுப்புற மெட்டுகளில், பறை ஒலிக்க, கிராமத்தார் தம் வாய்மொழியிலேயே பாடி வழிபடும் ஆராதனையை அவர் அமைத்தார். அவர் சிந்தனையின் நடுவில் இருந்தது ஒரே உலை: எல்லோரும் ஒரே உலையில் பொங்கிப் பகிர்ந்து உண்ணும் குடும்பமாகச் சபை இருக்க வேண்டும் என்பது. திருவிருந்தை அவர் அந்த உலையிலிருந்து பிரித்துப் பார்க்கவில்லை. ஒரே பாத்திரத்தில் பருகிவிட்டு, கல்யாணப் பேச்சு வந்ததும் சாதி விசாரிக்கிற நமக்கு, திருவிருந்து என்றால் என்ன என்ற கேள்வி இன்னும் பாக்கியாகத்தான் இருக்கிறது.

1969-இல் தொடங்கிய அந்தக் கல்லூரி, மாணவர்களை வளாகத்துக்கு வெளியே உழைக்கும் மக்கள் நடுவே தங்கிக் கற்கவும் அனுப்பியது. நல்ல வழி அது. ஆனால் அப்படிக் கற்றுவந்த ஆயருக்கு நாம் என்ன வேலை கொடுக்கிறோம்? ஒரு சேகரத்தில் பல கிராமச் சபைகள். கட்டட நிதி, கமிட்டிக் கூட்டம், தேர்தல் தகராறு, அறுப்பின் பண்டிகை ஏலம் என்று அவர் நாள் ஓடிவிடுகிறது. சிறிய சபைகளுக்கு அவர் வருவதே திருவிருந்து நாளில்தான். மற்ற நாட்களில் துக்க வீட்டுக்கு முதலில் போவது உபதேசியார், மூப்பர், பெண்கள் ஐக்கியச் சங்கத்து அக்காமார். சபையின் இறையியலை உண்மையில் சுமப்பவர்கள் அவர்கள்தான். அவர்களுக்குக் கற்றுக்கொடுக்க ஆளில்லை என்றால், புத்தாண்டு இரவில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டையும் செல்போனில் வரும் பிரசங்கமும்தான் ஆசிரியர்களாகும்.

இதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. வீட்டு ஜெபக்கூட்டத்தில் பாட்டும் சாட்சியும் முடிந்தபின் கால்மணி நேரம் கேள்விகளுக்கு ஒதுக்கலாம். "என் பிள்ளை ஏன் செத்தான்?" என்று ஒரு தாய் அங்கே பயமில்லாமல் கேட்க முடிய வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும், சங்கீதங்களில் இருக்கும் புலம்பலைக் கூடியிருந்து படிக்கவும் நாம் பழக வேண்டும். ஆயர் வரும் நாளில் கணக்கு நோட்டை நீட்டுவதற்கு முன்னால், "ஐயா, இந்த மாசம் இப்படி ஒரு கேள்வி வந்துச்சு" என்று மூப்பர்கள் கேட்டால், அவர் படித்த படிப்பு ஊருக்குத் திரும்பி வரும்.

கடவுளைப் பற்றித் தவறாகப் பேசினால் கடவுளுக்குக் குறைவு ஒன்றும் வந்துவிடாது. அந்தப் பேச்சு போய் விழுவது பிள்ளையை இழந்தவள்மேல், நோயாளிமேல், கடன்காரன்மேல், பந்தியில் ஓரத்தில் உட்கார வைக்கப்பட்டவன்மேல். அவர்களை நேசிக்கிறோம் என்றால் இறையியலைக் கற்கத்தான் வேண்டும். அயலானை நேசி என்ற கட்டளைக்கு நாம் கீழ்ப்படியும் வழிகளில் அதுவும் ஒன்று.